ஸ்கேன் கொட்டகைக்கு வரட்டும்

மாட்டுக்கு ஸ்கேன் எடுக்கணும் என்று நம் உழவர் கூட்டத்தில் யாராவது பேச்செடுத்தால் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். மூன்றாவது ஆள் கோபப்படுகிறார். "பஞ்சகவ்யம் பேசுற இடத்துல மெஷினா?" என்கிறார். கோபப்படுகிறவர் பெரும்பாலும் நல்ல உழவராகவே இருப்பார். அவருடைய சந்தேகத்திலும் நியாயம் உண்டு. முன்னேற்றம் என்று சொல்லி விற்கப்பட்ட எத்தனையோ இயந்திரங்கள் உழவனைக் கடனில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன. கறவை மாட்டுக் கடன், பம்புசெட் கடன், டிராக்டர் கடன் என்று முப்பது வருஷத்துக்கு மேல் வங்கி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்தக் கோபம் எனக்கும் பழக்கமானதுதான்.

இருந்தாலும் இந்த ஒரு கருவி விஷயத்தில் நாம் கேட்டு வாங்குகிற பக்கம் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. எப்படி வந்தாலும் சரி என்று நான் சொல்லவில்லை. ஏ.சி. அறைக்காகச் செய்த கருவியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கொட்டகையில் வைத்தால் ஒரு கோடையைத் தாங்காது. சாணி, வெயில், உதை, கரண்ட் கட் எல்லாவற்றையும் தாங்குகிற, நம் நாட்டு மாட்டின் உடம்புக்குப் பொருந்துகிற கருவியாக அது வரவேண்டும். அதை யார் கையில் கொடுப்பது, எதற்குப் பயன்படுத்துவது, எதற்குக் கூடாது என்பதையும் நாமே பேசி வைக்க வேண்டும். நாம் பேசாவிட்டால் விற்பவன் பேசி முடித்துவிடுவான்.

முதலில் இது யாருக்கு வேண்டும் என்பதைச் சொல்கிறேன். எங்கள் குத்தம்பாக்கத்தில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றி வீட்டை ஓட்டுகிற ஒரு அம்மா இருக்கிறார். அவருடைய ஒரு மாட்டுக்குச் சினை ஊசி போட்டார்கள். அடுத்த இரண்டு மாதம் மாடு கத்தவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்தார். மூன்றாவது மாதம் மாடு கத்திவிட்டது, வழும்பும் அடித்தது. "நிக்கல, இது நிக்காத மாடு" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதற்கு முன்னாலும் இரண்டு ஊசி வீணாகியிருந்தது. பாலும் வற்றிக்கொண்டிருந்தது. தரகர் வந்தார், மலட்டு மாட்டு விலைக்குப் பிடித்துக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்து, வாங்கியவர் வீட்டில் அது கிடாரிக் கன்று போட்ட சேதி வந்தது.

இதில் அதிசயம் எதுவுமில்லை. சினையாக இருக்கும்போதே சூட்டுக்கு வந்த அறிகுறி காட்டும் மாடுகள் உண்டு. நூற்றுக்குச் சில மாடுகள் அப்படிச் செய்யும் என்பது கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் மறுபடி சினை ஊசிக் குழலை உள்ளே விட்டாலே கரு கலைந்துபோக வாய்ப்புண்டு. பருவத்தை வரவழைக்கப் போடும் ஹார்மோன் ஊசியைச் சினை மாட்டுக்குத் தெரியாமல் போட்டாலும் கலையும். அந்த அம்மா என்னிடம், "அன்னைக்கே உள்ள பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல சார்?" என்று கேட்டார். தெரிந்திருக்கும்மா என்றேன்.

ஏன் இப்போது இது பெரிய பிரச்சினையாகிவிட்டது என்று யோசித்தால் விஷயம் மாட்டோடு நிற்பதில்லை, நிலத்துக்குப் போகிறது. முன்பு ஊர் மாடெல்லாம் ஒரே மந்தையாகச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமும் மேய்ச்சல் புறம்போக்கிலும் மேய்ந்தன. ஒரு மாடு சூட்டுக்கு வந்தால் மற்ற மாடுகள் அதன் மேல் தாவும். காளை பின்னாலேயே சுற்றும். மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரிந்துவிடும். இப்போது எங்கள் பக்கம் பாருங்கள். திருமழிசையிலிருந்து பெங்களூர் சாலை நெடுக குடோன், மனைப்பிரிவு. எங்கள் ஊரிலேயே புதிய பேருந்து முனையம். மாடு சிமெண்டுத் தரையில் நாலு முழக் கயிற்றில் தனியாக நிற்கிறது. கூட மாடு இல்லை, காளை இல்லை. ராத்திரி சூட்டுக்கு வந்து விடிவதற்குள் அடங்கிவிட்டால் யார் பார்ப்பது? ஊமைப் பருவம் என்கிறோம். பாதி ஊமை மாட்டிடம் இருந்தாலும், மீதி நாம் அதைக் கட்டிவைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்பேன். மந்தை காட்டிக்கொடுத்ததைக் காட்டிக்கொடுக்க இப்போது வேறு ஒரு கண் தேவைப்படுகிறது. மேய்ச்சல் நிலத்தை மீட்கிற போராட்டத்துக்கு இது மாற்று ஆகாது. அது நடக்கிறவரை கயிற்றில் நிற்கிற மாட்டை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

வங்கிக்காரன் கணக்கு ஒன்று போடுகிறேன். பால் இல்லாத மாட்டுக்கு வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாம் சேர்த்து நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் பருவச் சுற்று 21 நாள். ஒரு சுற்று தவறினால் 3,150 ரூபாய். சினை பிடித்ததா இல்லையா என்று 90-வது நாள் கை விட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டால், இல்லை என்று தெரிவதற்குள் நாலு சுற்று போயிருக்கும், 12,600 ரூபாய். இரண்டு மாட்டுக்காரருக்கு இது பெரிய தொகை. அப்புறம் "கட்டுப்படியாகல" என்று மாட்டை விற்கிறார்; சாணிக்கும் கோமியத்துக்கும் நாம் அவர் வீட்டைத்தான் நம்பியிருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, கருவிக்கு வருவோம். இது எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இல்லை. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலியைப் படமாக்குவதுதான். பாலில் எதுவும் இறங்காது, இறங்க அதில் பொருளே இல்லை. "ஸ்கேன் எடுத்த மாட்டுப் பாலைக் குடிக்கலாமா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்தக் கருவி பிறந்ததே பட்டறையில்தான். இரும்பில், வெல்டிங்கில் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று ஒலியை விட்டுப் பார்க்கும் வேலை நம் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்களுக்குப் புதிதில்லை. 1955-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயான் டொனால்ட், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் ஓட்டை பார்க்கும் கருவியால் சதைக் கட்டியையும் நீர்க்கட்டியையும் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று சோதித்தார். முடிந்தது. 1958-ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. அங்கிருந்துதான் இது மருத்துவமனைக்குள் நுழைந்து, ஏ.சி. அறை, வெள்ளைத் துணி என்று சொகுசுக்குப் பழகியது. கொட்டகைக்கு வருவது அதற்குப் புது ஊர் இல்லை, கிட்டத்தட்ட சொந்த ஊருக்குத் திரும்புகிற மாதிரிதான்.

கால்நடைக்கு உள்வழி ஸ்கேனை முதலில் கொண்டுவந்தவர்கள் குதிரைக்காரர்கள். 1980-ல் பிரான்சில் பால்மர், திரியான்கூர் என்ற இருவர் பெண்குதிரையின் ஆசனவாய் வழியாக ஸ்கேன் எடுத்து எழுதினார்கள். 1984-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பியர்சனும் ஜின்தரும் பசுவின் சினைப்பையைப் படம்பிடித்து விவரமாக எழுதினார்கள்.

ஏன் உள்வழியாக என்று கேட்கலாம். மனுஷிக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிறார்களே? மாட்டுக்கு வயிற்றில் பெரும்பகுதி அசைபோடும் இரைப்பைதான். அதில் நிறைய காற்று. காற்று இருக்கும் இடத்தை இந்த ஒலி தாண்டாது. கருப்பையோ இடுப்புக்குள், ஆசனக் குடலுக்கு நேர் கீழே இருக்கிறது. குடலுக்குள் கருவியைக் கொண்டுபோனால் நடுவில் மெல்லிய சுவர் மட்டும்தான். கிட்டத்தில் இருப்பதால் 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கூடிய ஒலியைப் பயன்படுத்தலாம். அது ஆழம் போகாது, ஆனால் படம் துல்லியமாக இருக்கும். சினை ஊசி போட்ட 28, 30-வது நாளிலேயே கருவின் இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்துவிடலாம். இரட்டைக் கன்று இருந்தால் தெரியும். சினை இல்லை என்றால் ஏன் இல்லை என்பதும் ஓரளவு தெரியும்: கருப்பையில் சீழா, சினைப்பையில் நீர்க்கட்டியா, அல்லது மாடு ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, நாம்தான் பருவத்தைத் தவறவிட்டோமா என்று.

இதையெல்லாம் நல்ல கை பிடித்தே சொல்லிவிடுமே என்பார்கள். சொல்லும். பழுத்த மருத்துவரின் கை சில மாடுகளில் 40 நாளைக்குள்ளேயே சொல்லிவிடும். அந்தக் கைக்கு நான் கும்பிடு போடுகிறேன். அந்தக் கை எத்தனை ஊருக்கு இருக்கிறது? இருக்கிற மருத்துவர்களும் வருஷக்கணக்காக மாட்டுக்குள் கைவிட்டுத் தோள்பட்டை போய் நிற்கிறார்கள். கை தடவி உணர்வதைப் பக்கத்தில் நிற்கிற மாட்டுக்காரருக்குக் காட்டவும் முடியாது. திரையில் துடிப்பதை அந்த அம்மாவே பார்க்கலாம். நம்பிக்கை என்பது அங்கே யார் வாயிலிருந்தும் வரவேண்டியதில்லை.

இப்போது இருக்கிற கருவிகளில் நமக்கு ஒத்துவராதது என்னென்ன என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

முதலாவது திரை. சித்திரை வெயிலில் வாசலில் மாட்டைக் கட்டிவைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால் நம் முகம்தான் தெரியும். வெளிநாட்டில் இதற்காகக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கொள்ளும் திரை செய்துவிட்டார்கள். ஒரு கண்ணுக்கு முன்னால் படம், இன்னொரு கண் மாட்டின் காலைப் பார்த்துக்கொள்ளும். கருவி இடுப்பிலோ முதுகிலோ, இரண்டு கையும் சும்மா. ஸ்காட்லாந்திலிருந்தே வரும் ஈசி-ஸ்கேன் என்ற கருவி இந்த வகைதான். நமக்கு அந்தக் கண்ணாடி அவசியமா என்றால், மருத்துவருக்கு அவசியம், மாட்டுக்காரர் பார்க்க ஒரு சின்னத் திரையும் அவசியம். ஒரு கறுப்புத் துணிக் கூடாரம் மாதிரி மூடி போட்டாலும் எனக்குச் சம்மதம். அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்காரர் போட்டுக்கொண்ட மாதிரி.

அடுத்தது சூடு. உள்ளே விசிறி வைத்துக் காற்று இழுத்துக் குளிர்கிற கருவி, கூடவே வைக்கோல் தூசியையும் தவிட்டுத் தூசியையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே விசிறி இல்லாமல், மூடிய பெட்டியாக, தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் தாங்கும்படி இருக்க வேண்டும். கழுவுவதை நான் அழுத்திச் சொல்கிறேன். காலையில் ஒரு வீட்டு மாட்டுக்குள் போன கருவி மத்தியானம் அடுத்த வீட்டு மாட்டுக்குள் போகிறது. கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்கிற புருசெல்லோசிஸ் மாதிரி தொற்றுகள் இருக்கிற ஊரில், கழுவ முடியாத கருவியைக் கொட்டகைக்குள் விடாதீர்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் புது உறை, இடையில் கிருமிநாசினிக் கழுவல். பிளாஸ்டிக் உறை சேருகிறதே என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். இந்த இடத்தில் சுளிக்க வேண்டாம்.

மூன்றாவது வயர். மாடு மிதிப்பது முதலில் வயரைத்தான். வயர் அறுந்தால் உள்ளே போகிற அந்தக் குச்சிக் கருவியையே மாற்றணும். மொத்தக் கருவியில் விலை அதிகமான பாகமே அதுதான். வயர் இல்லாமல் செல்போனுக்குப் படம் அனுப்பும் கருவிகளும் இப்போது வந்திருக்கின்றன. கொட்டகைக்கு அது நல்ல யோசனை. ஆனால் படம் பார்க்க இணையம் வேண்டும், வருஷா வருஷம் சந்தா கட்டணும் என்று ஒரு கொக்கி வைத்து விற்பார்கள். வாங்கும்போது அதைக் கேளுங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் பணம் இருந்தால் சரிசெய்துவிடலாம். நாலாவது விஷயம் அப்படியில்லை. இந்தக் கருவிகள் எல்லாம் பெரிய ஹோல்ஸ்டீன் மாட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மருத்துவர் கையோடு கருவியையும் பிடித்து உள்ளே கொண்டுபோக அந்த மாட்டில் இடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது என்ன? ஒருவர் உம்பளாச்சேரி வைத்திருக்கிறார், ஒருவர் புங்கனூர்க் குட்டை, மலைப்பக்கம் போனால் பர்கூர். புங்கனூர்க் கிடாரியில் பெரியவர் கை போகுமா? வலுக்கட்டாயமாகப் போனால் மாட்டுக்கு என்ன ஆகும்? நாட்டு மாடு வளர்க்கிறோம் என்று பெருமை பேசுகிற நம் இயக்கம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்றால் வேறு யார் கேட்பார்கள்? விடை இல்லாமலும் இல்லை. கருவியை ஒரு மெல்லிய தண்டின் முனையில் பொருத்தி, கை போகாமல் தண்டை மட்டும் உள்ளே செலுத்திப் பார்க்கும் முறை இருக்கிறது. ஆட்டுக்கு அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆட்டுக்குள் யாரும் கைவிட முடியாதே. தண்டின் நீளம், வளைவு, முனையின் தடிமன் ஆகியவற்றை நம் சின்ன மாடுகளுக்கு ஏற்ற மாதிரி செய்ய வேண்டும்.

தண்டில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கைக்கு உணர்ச்சி உண்டு. மாடு முக்கினால் கை நிற்கும். தண்டுக்கு அது தெரியாது. தெரியாத கையில் கொடுத்தால் குடல் கிழியும், மாடு செத்துப்போகும். அதனால் "சுலபமான கருவி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று விற்க வருகிறவனை வாசலிலேயே நிறுத்துங்கள். பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் கையில்தான் அது இருக்க வேண்டும்.

தண்டு, பெட்டி, உறை, திரை மூடி எல்லாம் நம்மால் செய்ய முடியாதவை இல்லை. வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989-ல் நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவானதும் நம் தமிழ்நாட்டில்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எதைச் சொன்னாலும் கடைந்து கொடுக்கிற பட்டறைகள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே தூரம் 20 கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் ஊரிலேயே ரா. இளங்கோ 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்தபோது, உள்ளூர்ப் பொருளை வைத்து உள்ளூரிலேயே செய்வது என்பதைப் பேச்சோடு விடாமல் செய்து காட்டினார். அந்த ஊர்க்காரன் என்பதால் எனக்கு இந்த நம்பிக்கை.

இனி, மெஷின் என்றதும் கோபப்படுகிற என் நண்பருக்கு. நாம் எல்லோரும் சினை பிடிக்காத மாட்டுக்கு மூலிகை கொடுக்கிறோம். தஞ்சைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தது: சூட்டுக்கு வந்த முதல் நாளோ இரண்டாம் நாளோ தொடங்கி, வெள்ளை முள்ளங்கி தினம் ஒன்றாக 5 நாள், அப்புறம் சோற்றுக்கற்றாழை மடல் 4 நாள், முருங்கைக்கீரை 4 நாள், பிரண்டை 4 நாள், மஞ்சளோடு கறிவேப்பிலை 4 நாள், எல்லாம் வெல்லமும் உப்பும் சேர்த்து. எத்தனையோ வீட்டில் பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பக்கம் இருக்கிறவர் என்ன சொல்கிறார்? "அது தானாப் பிடிச்சிருக்கும்" என்கிறார். நமக்குப் பதில் சொல்ல ஆதாரம் இல்லை. மூலிகை கொடுக்கும் முன் ஒரு படம், கொடுத்த பின் ஒரு படம் இருந்தால்? சினைப்பையில் இருந்த நீர்க்கட்டி கரைந்ததா, பருவச் சுற்று திரும்பியதா என்பது தெரிந்துவிடும். மூலிகை எந்த மாட்டுக்குக் கேட்கும், எந்த மாட்டை உடனே மருத்துவரிடம் விட வேண்டும் என்பதும் தெரியும். கருப்பையில் சீழ் வைத்திருக்கும் மாட்டுக்கு ஒரு மாதம் முருங்கைக்கீரை கொடுத்துக்கொண்டிருப்பது வைத்தியம் இல்லை. உள்ளே பார்க்காமல் ஹார்மோன் ஊசி போடுகிற பழக்கத்தைக் குறைக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்தக் கருவி நம் வைத்தியத்துக்கு எதிரி என்கிறார் நண்பர். நம் பக்கத்துச் சாட்சி என்கிறேன் நான்.

எல்லை எங்கே என்றும் சொல்லிவிட வேண்டும். இதே ஒலிக் கருவியைப் பிறப்புறுப்பு வழியாக வைத்து, திரையைப் பார்த்தபடி ஊசியால் சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுக்கும் முறையும் இருக்கிறது. 1988-ல் நெதர்லாந்தில் தொடங்கியது. இப்போது குஜராத்தின் ஆனந்தில் தேசிய பால்வள வாரியம் வரை வந்துவிட்டது. நல்ல நாட்டு மாட்டு இனத்தைப் பெருக்க இதுதான் வழி என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலக இயற்கை வேளாண்மை அமைப்பான ஐஃபோமின் விதிகளும் கரு மாற்றத்தை அனுமதிப்பதில்லை; மருத்துவக் காரணமில்லாமல் ஹார்மோன் கொடுப்பதையும் அனுமதிப்பதில்லை. மாட்டுக்கு என்ன நோவு என்று பார்ப்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. சுமார் 60 நாளில் கன்று ஆணா பெண்ணா என்பதையும் இந்தக் கருவியில் சொல்லிவிட முடியும். காளைக் கன்று என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த காளைக் கன்றையே பால் கொடுக்காமல் விடுகிற காலம் இது. ஆகவே நம் கூட்டங்களில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: கன்றின் பாலினத்தைக் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

பாலினம் என்றதும் சட்டமும் வந்துவிடுகிறது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம் மனிதர்களுக்கானது. அந்தச் சட்டத்தில் பதிவு செய்யாதவருக்கு ஸ்கேன் கருவி விற்கவே கூடாது. கையில் தூக்கிக்கொண்டு போகும் கருவிக்கு 2012-ல் இன்னும் கட்டுப்பாடு வந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் கருவி வாங்கப் போனாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. "இதென்ன தொல்லை" என்று சலித்துக்கொள்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டிய நிலைமை இருந்த மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டம் ஏன் இருக்கிறது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். தளர்த்தச் சொல்லவும் வேண்டாம். கால்நடைக்கான கருவிக்கு என்று தெளிவான ஒரு தனிப் பாதை வைத்தால் போதும்: கருவி அரசு கால்நடை மருந்தகத்தின் பேரில் மட்டும் பதிவாகட்டும். எந்த நாள் எந்த மாட்டுக்கு, காதுத் தோடு எண் என்ன என்று ஒவ்வொரு படத்துக்கும் பதிவேடு இருக்கட்டும். ராத்திரி கருவி மருந்தகப் பூட்டுக்குள் இருக்கட்டும். வங்கிப் பெட்டகத்துக்கு இரட்டைச் சாவி இருப்பது மாதிரி, இதற்கும் இரண்டு பேர் கையெழுத்து போட்டு எடுத்தால் யாருக்கும் குறை வராது.

தனி ஆள் இதை வாங்கவே கூடாது. பெரிய பண்ணை வைத்திருப்பவர் வாங்கலாம் என்பார்கள். அவர் வாங்கினால் அவர் மாடு மட்டும் பிழைக்கும். இது பால் கூட்டுறவுச் சங்கத்துக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ பொதுவாக இருக்க வேண்டிய பொருள். உதாரணத்துக்குக் கருவி 4 லட்சம், 5 வருஷம் உழைக்கும் என்று வையுங்கள். வருஷத் தேய்மானம் 80,000. வட்டி, பழுதுக்கு 40,000. ஆக 1,20,000. சுற்று வட்டாரத்தில் வருஷத்துக்கு 1,000 மாடு பார்த்தால் மாட்டுக்கு 120 ரூபாய். மருத்துவர் வந்துபோகும் செலவைச் சேர்த்தாலும், தவறிப்போகும் ஒரு பருவச் சுற்றுக்கு நாம் இழக்கும் 3,150-க்குப் பக்கத்தில் வராது. 1,000 மாடு பார்க்காமல் 100 மாடு மட்டும் பார்த்தால் இதே கணக்கில் மாட்டுக்கு 1,200. அதனால்தான் பொதுவாக இருக்க வேண்டும் என்கிறேன். 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பசுவினம் மட்டும் 95 லட்சத்துக்கு மேல். வேலைக்குப் பஞ்சமில்லை.

இன்னும் நல்லது, 1962-க்குப் போன் செய்தால் வருகிற நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி ஒவ்வொன்றிலும் இது நிலையாக இருப்பது. மாட்டைக் குட்டியானையில் ஏற்றி வேப்பேரிக்கோ மாதவரத்துக்கோ கொண்டுபோய்ப் பார்க்கலாம்தான். ஆனால் 30 நாள் கருவோடு இருக்கிற மாட்டை வெயிலில் 30 கிலோமீட்டர் ஏற்றி இறக்கிவிட்டு, கரு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில் என்ன அர்த்தம்? அடுத்த சங்கப் பேரவைக் கூட்டத்திலும், மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் இதை எழுத்து மூலம் கேளுங்கள். வாயால் கேட்டது கூட்டம் முடிந்ததும் காற்றில் போய்விடும். மனு எண் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கருவி வருகிறவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம். கொட்டகைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டுங்கள். மாடு சூட்டுக்கு வந்த நாள், சினை ஊசி போட்ட நாள், காளைக்கு விட்டிருந்தால் அந்த நாள், மறுபடி கத்தினால் அந்த நாள் என்று எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். மூலிகை கொடுத்தால் தொடங்கிய நாளையும் முடித்த நாளையும் குறியுங்கள். இந்தத் தேதி இல்லாமல் ஸ்கேன் படத்தைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதிதான் புரியும். 30-வது நாள் ஒரு முறை பார்த்தால், 60-வது நாள் மறுபடி ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் சத்தமில்லாமல் கலைந்துபோகும் கருக்கள் உண்டு. முதல் படத்தை மட்டும் நம்பி இனிப்பு கொடுத்துவிடாதீர்கள்.